இரண்டு முறை திறந்த மூடி

முதல் பாட்டில் வெடித்தபோது நான் தரையில் கிடந்தேன். எப்படி விழுந்தேன் என்று கேட்காதீர்கள். நின்றுகொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, என் மூக்குக்கு நேரே ஊர்ந்துகொண்டிருந்த ஒரு எறும்பு.

"எழுந்திரு மில்தோன்," என்றார் ஒஃபேலியா தெச்சேரா. "உன்னை யாரும் சுடலை."

"அப்ப யாரைச் சுட்டாங்க?"

"உள்ளே பியர் பாட்டில் வெடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். இருபத்தாறு வருஷம் சுயி எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரியாக இருந்தவர், என் முதலாளியம்மா. கடத்தல்காரன் துப்பாக்கியை நீட்டினால், அதற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்கிற ஆள். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், சாந்தா ரூஃபினா கடற்கரையில் ஒரு வாடகை அறையில் துப்பறியும் நிறுவனப் பலகையை மாட்டிவிட்டார். இடுப்பு எலும்பில் கோளாறு, கையில் ஊன்றுகோல். ஓட வேண்டிய வேலையெல்லாம் எனக்கு. நான் பழைய பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் பிடிக்காமல் நிற்பேன். அதைத் தவிர வேறு வீரம் எனக்குக் கிடையாது.

பிப்ரவரி மாதம், எங்கள் பக்கம் நடுக்கோடை. பிற்பகல் மூன்று மணி. தகரக் கூரையைப் பார்த்தாலே கண் பொசுங்குகிற வெயில். நாங்கள் நின்றிருந்தது குவல்பெர்த்தோவின் தோட்டத்தில், அவருடைய பியர் கொட்டகைக்கு முன்னால். கொட்டகை பூட்டியிருந்தது. குவல்பெர்த்தோ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை மதியம் இதே தோட்டத்தில் ருசி பார்க்கும் விருந்து. அன்றைய பியர் நெரெய்தா டீச்சருடையது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவர், அதனால் ஊருக்கே டீச்சர். வீட்டுக் கொல்லையில் ஆறு கஞ்சாச் செடி, கையில் பதிவு அட்டை, எல்லாம் எங்கள் நாட்டுச் சட்டப்படி. அந்த மொட்டுகளைப் போட்டு அவர் காய்ச்சிய பியருக்கு 'அத்தை மகள்' என்று பெயர் வைத்திருந்தார். பியருக்குக் கசப்பு கொடுக்கிற ஹாப்ஸ் பூவும் கஞ்சாவும் ஒரே குடும்பத்துச் செடிகளாம். அதனால் அந்த உறவுமுறை.

குவல்பெர்த்தோ தன் பாட்டிலைக் குடித்தார். ஒரு மணி நேரத்தில் தலை சுற்றி, கண் செருகி, இறைச்சி சுடும் அடுப்பின் கல் விளிம்பில் மண்டை மோத விழுந்தார். இன்று செவ்வாய். இன்னும் கண் திறக்கவில்லை.

டீச்சர் அளவில்லாமல் கஞ்சாவைப் போட்டுவிட்டார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. போலீஸும் அதே முடிவுக்கு வந்து, மாலை ஐந்து மணிக்கு ஜீப்புடன் வருவதாகச் சொல்லியிருந்தது. காலையில் டீச்சர் எங்கள் அறைக்கு வந்து, கொடுத்த மாத்தே தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் பச்சை மொட்டை ஆறின பியர்லதான் போட்டேன் ஒஃபேலியா. சூடே காட்டலை. சூடு காட்டாத கஞ்சா மணக்கும், மயக்காது. இதை நான் பரீட்சையில கேள்வியாவே கேட்டிருக்கேன். அந்த பியர்ல ஒரு பூனைகூட மயங்காது!"

"மத்த ஒன்பது பேரும் குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அவர் கிளாஸ்ல மட்டும் நுரையே வரலை. அதைக்கூட அவர் கவனிக்கலை. எதிர்ல இருந்த இத்தாலோவையே பார்த்துச் சிரிச்சுக்கிட்டு, ஒரே மூச்சில குடிச்சார்."

நுரை வரவில்லை என்றால் எண்ணெய் கலந்திருக்கிறது என்றார் ஒஃபேலியா. பியரில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் நுரை செத்துப்போகும். கஞ்சாவைச் சூட்டில் வாட்டி எண்ணெயில் இறக்கினால், அதுதான் ஆளைக் கவிழ்க்கும் சரக்கு. யாரோ அந்த ஒரு பாட்டிலில் மட்டும் கலந்திருக்கிறார்கள்.

எங்களிடம் இருந்த ஒரே தடயம் ஒரு மூடி. குவல்பெர்த்தோவின் நாற்காலிக்குக் கீழே, புல்லில் நான் கண்டெடுத்தது. வெள்ளை மூடி, அதன் மேல் சிவப்பு நகப்பூச்சில் டீச்சர் எழுதிய எண் 6. சங்கத்தில் ஆளுக்கு ஒரு உறுப்பினர் எண் உண்டு. ஆளுக்கு ஒரு பாட்டில், மூடியில் அவரவர் எண். குவல்பெர்த்தோவுக்கு ஆறு.

அந்த மூடியை ஒஃபேலியா கால் மணி நேரம் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "பிரிச்சு மூடினதைக் கண்டுபிடிக்கறதுதான் என் பழைய உத்தியோகம். பாரு. இந்த ஓரத்துல ஒரு நெளிவு, திறந்தப்ப ஏற்பட்டது. சரி. எதிர் ஓரத்துல இன்னொரு நெளிவு. அதை யாரோ தட்டி நிமிர்த்தியிருக்காங்க. இந்த மூடி ரெண்டு தடவை திறந்திருக்கு மில்தோன்."

அந்த மூடியைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்தோம். வெள்ளிக்கிழமை மாலையே டீச்சர் பாட்டில்களைக் கொண்டுவந்து இந்தக் கொட்டகையில் இறக்கியிருந்தார். அதற்கு முன் திறந்து மூடியிருந்தால் பியரில் கொஞ்சமும் உயிர் இருந்திருக்காது. அப்படியானால் கலந்தது இங்கேதான்.

"சாவி வேணுமா?"

திரும்பினோம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இத்தாலோ சுனினோ வந்துகொண்டிருந்தார். ஊர் மருந்துக்கடைக்காரர். அடுத்த வீடு. அறுபது தாண்டியவர், இந்த வெயிலிலும் இஸ்திரி கலையாத சட்டை.

"நண்பன் இல்லாதப்ப நாய்க்குச் சோறு வைக்க நான்தான் வர்றேன். சாவி என்கிட்ட இருக்கு. டீச்சர் மேல பழி விழறதை என்னால பார்த்துட்டிருக்க முடியாது, தோன்யா ஒஃபேலியா. நீங்க வரலைன்னா நானே போலீஸைக் கூப்பிட்டிருப்பேன்."

"உள்ளே ஏதோ வெடிச்சுது, தோன் இத்தாலோ," என்றேன், ஒட்டிய மண்ணைத் தட்டியபடி. பெரியவர்களைத் தோன், தோன்யா என்று மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

"அதுவா? போன வாரம்தான் குவல்பெர்த்தோ தன் சரக்கைப் பாட்டில்ல அடைச்சான். எப்பவும்போல சர்க்கரையைத் தாராளமா போட்டிருப்பான். வாயு முட்டி ரெண்டொண்ணு வெடிக்கத்தான் செய்யும்."

பூட்டைத் திறந்தார். உள்ளே இருந்து வந்த சூடு, அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அறைந்தது. மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியின் புளித்த வாசனை. இரண்டு பக்கமும் கூரை வரை மர அலமாரி. அதில் தோளோடு தோள் ஒட்டி நின்ற பழுப்பு பாட்டில்கள். நூற்றைம்பதாவது இருக்கும். தரையில் ஓரிடத்தில் உடைந்த கண்ணாடியும் நுரையும். ஒரே ஜன்னல், அதற்கும் இரும்புக் கம்பி. மூலையில் கொட்டகையைக் குளிரவைக்கிற பெட்டி ஒன்று சத்தமில்லாமல் நின்றிருந்தது.

"இது ஏன் ஓடலை?" என்றார் ஒஃபேலியா.

"நான்தான் அணைச்சேன். ஆளில்லாத கொட்டகைக்கு எதுக்குக் கரண்ட்?"

இந்தச் சூட்டில்தான் பாட்டில்கள் வெடிக்கின்றன என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அலமாரியில் எங்கோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. நகத்தால் கண்ணாடியைத் தட்டுவதுபோல். நான் ஒரு அடி பின்வாங்கினேன்.

இத்தாலோ நேராகக் கடைசி மூலைக்குப் போனார். மால்ட் மூட்டைகளுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு சின்ன வாணலியை எடுத்தார். அடியில் பச்சை நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. கூடவே மருந்து ஊற்றுகிற அளவில் ஒரு புனல்.

"மோந்து பாருங்க."

மோந்து பார்க்கத் தேவையே இல்லை. வாணலியே தன் கதையைச் சொன்னது.

"அப்ப குவல்பெர்த்தோவே கலந்துக்கிட்டாரா?" என்றேன்.

"பாவம், விளையாட்டுப் புத்தி," என்றார் இத்தாலோ. "டீச்சரோட பியர்ல வேகமே இல்லைன்னு எல்லாரும் கிண்டல் பண்ணினாங்க. வேகம் இருக்குன்னு காட்டறேன்னு தன் பாட்டில்ல தானே கலந்திருக்கான். அளவு தெரியலை."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. டீச்சர் தப்பினார். மணி மூன்றரைகூட ஆகவில்லை. முக்கியமாக, இந்தக் கண்ணாடிக் காட்டைவிட்டு வெளியே போகலாம். "கிளம்பலாமா தோன்யா? வாணலியை நான் தூக்கிக்கறேன். வேணும்னா உங்களையும் சேர்த்துத் தூக்கிக்கறேன்."

ஒஃபேலியா ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். கதவுப் பக்கம் திரும்பிய நான் நின்றுவிட்டேன். அவர் உட்கார்ந்தால் வழக்கு முடியவில்லை என்று அர்த்தம்.

"தோன் இத்தாலோ, இந்த இருட்டுல மூட்டைக்குப் பின்னால வாணலி இருக்குன்னு தேடாமலே கண்டுபிடிச்சீங்களே. கண் நல்லா இருக்கு உங்களுக்கு."

"நாய்க்குச் சோறு எடுக்க வந்தப்ப பார்த்தேன்..."

"சரி. இன்னொரு சின்ன சந்தேகம். தனக்குக் கலக்கிக்கறவர் கிளாஸ்லயே ஊத்திக்கலாம். முதல் நாளே பாட்டிலைத் திறந்து, எண்ணெயை ஊத்தி, அதே மூடியை நிமிர்த்தி, திரும்ப அடிச்சு, யாருக்கும் தெரியாம வைக்கணுமா? இது அடுத்தவனுக்குச் செய்யற வேலை."

'டமார்!'

மேல் தட்டில் ஒரு பாட்டில் போயே போய்விட்டது. கண்ணாடித் துண்டு ஒன்று என் காதோரம் விர்ரென்று பறந்து சுவரில் தைத்தது. நான் போட்ட சத்தம் எந்த ஆண்மகனும் வெளியே சொல்லிக்கொள்ளக்கூடியது அல்ல.

"தோன்யா! மிச்சத்தை வெளியில போய்ப் பேசலாம்! வெளியில காத்து வருது! எறும்பு இருக்கு, ரொம்ப நல்ல எறும்பு!"

"ஒரு நிமிஷம்." ஒஃபேலியா கைக்குட்டையைப் பிரித்து மூடியை எடுத்தார். அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ஆறையும் ஒன்பதையும் கவிழ்த்துப் போட்டா ஒண்ணு இன்னொண்ணாயிடும். டீச்சர் அதுக்காகவே ரெண்டுக்கும் அடியில ஒரு கோடு போடுவாங்க. முப்பது வருஷப் பழக்கம். ஆனா இந்த மூடியில கோடு இல்லை. யாரோ சுரண்டியிருக்காங்க. கூர்மையான கத்தி. சுத்தமான வேலை. ஆனா ஒரு புள்ளி அளவுக்குச் சிவப்பு மிச்சமிருக்கு. எந்தப் பக்கம் தெரியுமா? ஆறுன்னா வயிறு கீழே இருக்கும், கோடு வயித்துக்கு அடியில வரணும். இது வால் பக்கத்துல இருக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். ஊசிமுனை அளவுக்கு ஒரு சிவப்பு. வால் நுனிக்கு அப்பால்.

"அப்ப இது ஆறு இல்ல," என்றேன். அவர் கையிலிருந்த மூடியைத் தலைகீழாகத் திருப்பினேன். "ஒன்பது."

"ஒன்பது யாரோட எண், தோன் இத்தாலோ?"

அது இத்தாலோவின் எண். அவர் எப்போது நகர்ந்தார் என்று தெரியவில்லை, கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். வெளிச்சம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"குவல்பெர்த்தோ கலந்தது உங்களுக்கு," என்றார் ஒஃபேலியா. "டீச்சர் முன்னால நீங்க உளறி, தள்ளாடி, மானம் போகணும்னு. அதனாலதான் தன் கிளாஸைப் பார்க்காம உங்களையே பார்த்துச் சிரிச்சுட்டிருந்தார். ஆனா நீங்க அதைப் பார்த்துட்டீங்க. உங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து இந்தக் கொட்டகை ஜன்னல் நல்லாத் தெரியும், வரும்போதே கவனிச்சேன். சனிக்கிழமை மேஜை போட உதவி செய்யறேன்னு வந்து ரெண்டு கோட்டையும் சுரண்டி, பாட்டிலை மாத்தி வெச்சீங்க."

"அவன் எனக்குச் செய்ய நினைச்சதை அவனுக்கே திருப்பினேன்," என்றார் இத்தாலோ மெதுவாக. "அது தப்பா?"

"விளையாட்டுன்னா தப்பில்லை. ஆனா அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை மாசாமாசம் கொடுக்கறது நீங்க. அந்த மாத்திரைக்கு மேல இந்தச் சரக்கு இறங்கினா ஆள் நிக்க மாட்டார்னு இந்த ஊர்ல ஒருத்தருக்குத்தான் தெரியும். தெரிஞ்சே அவர் குடிக்கறதைப் பார்த்துட்டு உக்காந்திருந்தீங்க."

அவர் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்து வெளியே போனார். பிறகு கதவு மூடிக்கொண்டது. பூட்டு விழுகிற சத்தம்.

நான் கதவை நோக்கிப் பாய்ந்தேன். காலைத் தூக்கினேன்.

"உதைக்காதே!" ஒஃபேலியா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "அலமாரியைக் கதவுச் சட்டத்தோட சேர்த்து அடிச்சிருக்கு. ஆட்டினா மொத்தமும் போயிடும்."

தூக்கிய காலை, முட்டையின் மேல் வைப்பதுபோல் கீழே வைத்தேன்.

"கத்தலாமா?"

"கத்து. ஆனா குதிக்காதே."

கத்தினேன். குவல்பெர்த்தோவின் நாய் மட்டும் பதில் சொன்னது. பக்கத்து வீடு இத்தாலோவுடையது, அதற்கு அடுத்தது மணல்மேடு. போலீஸ் ஜீப் ஐந்து மணிக்கு டீச்சர் வீட்டுக்குத்தான் போகும், இங்கே வராது. கைபேசிக்காகச் சட்டைப்பையைத் தடவினேன். அது எங்கள் காரில் சூரியக்குளியலில் இருந்தது. ஒஃபேலியா கைபேசி வைத்துக்கொள்ளாதவர்.

'டமார்.' மூன்றாவது. தொடர்ந்து உடனே நான்காவது.

என் முழங்கையில் ஏதோ சூடாக வழிந்தது. பியர் என்று நினைத்தேன். பியர் சிவப்பாக இருக்காது.

மூலையில் காய்ச்சுகிற அண்டா ஒன்று கிடந்தது. ஒரு ஆட்டுக்குட்டியை நிற்கவைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிசு. அதைச் சத்தமில்லாமல் தூக்கிவந்து ஒஃபேலியாவின் தலைக்கு மேல் கவிழ்த்தேன். இடுப்பு வரை மறைந்துபோனார்.

"என்ன செய்யறே?" அண்டாவுக்குள் குரல் மாதா கோவில் மணி மாதிரி சுற்றி வந்தது.

"உங்களைக் காப்பாத்தறேன். சம்பளம் கொடுக்க வேற ஆள் இல்லை எனக்கு."

"நீ?"

"எனக்கு மூட்டை இருக்கு." மால்ட் மூட்டைகளை இழுத்து அவர் கால்களைச் சுற்றி அடுக்கினேன். ஒன்றை என் தலையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் குந்தினேன். மூட்டை ஐம்பது கிலோ. பயத்தில் அது தலையணை மாதிரி இருந்தது.

பிறகு காத்திருந்தோம். அந்த நேரத்தை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது. வெடிக்கிறபோது அவ்வளவு பயமில்லை. வெடித்தால் ஒன்று முடிந்தது. நடுவில் வருகிற அமைதிதான் ஆளைக் கொன்றது. அந்த அமைதியில் 'டிக்... டிக்...' என்று நூறு பாட்டில்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, யார் முதலில் என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. சட்டையெல்லாம் பியரும் வியர்வையும். கூரைத் தகரம் சூட்டில் முறுக்கிக்கொள்கிற சத்தம் வேறு. ஐந்து. ஆறு. ஏழாவது என் தலை மூட்டையைக் கிழித்தது. மால்ட் மணிகள் கழுத்து வழியாக முதுகுக்குள் கொட்டின.

"மில்தோன்," என்றது அண்டா.

"சொல்லுங்க."

"என்கிட்ட ஆதாரம் எதுவுமே இல்லை. ஒரு சிவப்புப் புள்ளி. எந்த வக்கீலும் ஊதித் தள்ளிடுவான். அவர் வாயால வரவைக்கணும்னுதான் வெளியில போகாம உக்காந்தேன். உன்னையும் சேர்த்து மாட்டிவிட்டுட்டேன்."

"பரவாயில்லை. வெயில்ல அலையறது மிச்சம்."

சட்டைக்குள் கொட்டிய மால்ட் மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கு," என்றார். மணி மாதிரி இல்லை இப்போது. ரொம்பச் சின்னக் குரல்.

ஜோக் ஒன்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. அண்டாவின் விளிம்புக்கு அடியில் கையை விட்டேன். அவர் விரல்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டன. எட்டாவது வெடித்தது. இருவருமே விடவில்லை.

அப்போதுதான் வெளியே குரல் கேட்டது. பெண் குரல். மூச்சிரைக்க.

"இத்தாலோ! இங்கேயா உக்காந்திருக்கீங்க? உங்களைக் கடையில தேடிட்டு வர்றேன்!"

டீச்சர். நான் கத்த வாயெடுத்தேன். ஒஃபேலியா என் கையை நெரித்தார். "பொறு," என்று அண்டா கிசுகிசுத்தது. "அந்த ஆள் கையில சாவி இருக்கு. அவருக்கு என்ன மனநிலைன்னு தெரியாது. டீச்சர் தனியா இருக்காங்க."

"அவர் கண் முழிச்சுட்டார்!" டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸ் போன் பண்ணினா. முழிச்சதும் முதல்ல என்ன கேட்டார் தெரியுமா? 'இத்தாலோவுக்கு எப்படி இருக்கு? ரொம்ப முடியாம போச்சா?'ன்னு கேட்டாராம்! மண்டை உடைஞ்சு கிடக்கற மனுஷன், உங்களைப் பத்தி விசாரிச்சிருக்கார்! இவ்வளவு பாசத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் வருஷக்கணக்கா எதுக்குத்தான் முறைச்சுக்கிட்டீங்களோ!"

உள்ளே நான் ஒஃபேலியாவின் கையை இன்னும் இறுக்கினேன். வக்கீல் ஊத முடியாத ஆதாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தானாக நடந்து வந்திருந்தது. யார் மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ, கண் திறந்ததும் குவல்பெர்த்தோ அவரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். டீச்சருக்கு அது பாசம். இத்தாலோவுக்கு?

வெளியே ஒரு விசும்பல் கேட்டது. உள்ளே ஒன்பதாவது பாட்டில் வெடித்தது.

"என்ன சத்தம் அது? உள்ளே யாரு? இத்தாலோ, ஏன் அழறீங்க? இத்தாலோ?"

ஓடி வரும் காலடிகள். பூட்டில் சாவி இரண்டு முறை வழுக்கியது. கதவு படாரென்று திறந்தது. திறந்த வேகத்தில் சட்டம் அதிர்ந்தது. வலது பக்க அலமாரி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் முன்னால் சாய்வதைப் பார்த்தேன்.

"எழுந்திருங்க!" என்று அலறினார் இத்தாலோ.

நான் அண்டாவைத் தள்ளினேன். ஒஃபேலியாவின் கால் மரத்துப்போயிருந்தது, எழ முடியவில்லை. இத்தாலோ உள்ளே பாய்ந்தார். அவர் ஒரு தோளைப் பிடித்தார், நான் மறு தோளை. கதவைத் தாண்டும்போது அலமாரி முழுசும் விழுந்தது. அது ஒரு சத்தம் இல்லை. நூறு சத்தம். யாரோ எங்கள் முதுகில் கையை வைத்துத் தள்ளியதுபோல் மூன்று பேரும் புல்லில் போய் விழுந்தோம்.

நிமிர்ந்து பார்த்தபோது ஒஃபேலியாவுக்குக் கீறல்கூட இல்லை. இத்தாலோவின் இஸ்திரிச் சட்டை முதுகில் நார்நாராகக் கிழிந்து, சிவப்பாக நனைந்திருந்தது. அவர்தான் கடைசியாக வெளியே வந்தவர்.

டீச்சர் தன் மேல்துண்டை அவர் முதுகில் அழுத்திப் பிடித்தார். இத்தாலோ குப்புறப் படுத்தபடியே, புல்லைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தது. கத்தியால் கோட்டைச் சுரண்டியது. மாத்திரை ஞாபகம் வந்தும் வாயைத் திறக்காமல் இருந்தது. அடுப்புக் கல்லில் மண்டை மோதிய சத்தம் மூன்று நாளாகக் காதைவிட்டுப் போகவில்லை என்பது. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் டீச்சரின் கை அழுத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் துண்டை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார். நான் போய்த் துண்டைப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் வழிகிறவன் குற்றவாளியாக இருந்தால் என்ன, யாராவது பிடிக்கத்தானே வேண்டும்.

"எதுக்காக?" என்றார் டீச்சர்.

"உங்களுக்காகத்தான்," என்றார் இத்தாலோ. "அவனும் உங்களுக்காகத்தான்."

நான் ஓடிப்போய் காரிலிருந்து போன் செய்தேன். ஆம்புலன்ஸும் ஜீப்பும் ஒன்றாகவே வந்தன. டீச்சரை அழைத்துப்போக வந்த சப்-இன்ஸ்பெக்டர், ஒஃபேலியா நீட்டிய மூடியை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராகத் திருப்பி, கடைசியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலையைச் சொறிந்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது இத்தாலோ டீச்சர் பக்கம் முகத்தைத் திருப்பினார். டீச்சர் பார்க்கவில்லை. குவல்பெர்த்தோவுக்குப் பேச முடிந்ததும் அவரிடமும் வாக்குமூலம் வாங்குவார்கள். இரண்டு கிழவர்களும் ஒரே ஆஸ்பத்திரியில், அநேகமாக ஒரே மாடியில்.

வண்டிகள் போய்விட்டன. விருந்துக்குப் போட்டு யாரும் எடுத்துவைக்காத நீள மேஜையில் டீச்சர் உட்கார்ந்தார். ஒஃபேலியா பக்கத்தில் உட்கார்ந்து ஊன்றுகோலின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். கைகளை அசையாமல் நிறுத்த அது ஒரு வழி. நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார் டீச்சர்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றேன்.

"ரெண்டு பேரையும் நல்லாத் திட்டியிருப்பேன். இந்த வயசுல என்னடா உங்களுக்குன்னு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் மூணு பேரும் இங்கேயே உக்காந்து ஒரு பாட்டில் குடிச்சிருப்போம்."